பிளவுபட்ட கட்சியில் முன்னணி வேட்பாளர்: அமெரிக்க முதனிலைத் தேர்தல்கள் சொல்லும் கணக்கு

2016 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் முன்னணி வேட்பாளர் டொனால்ட் டிரம்ப். நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வாங்கியது 35 சதவீதம், சவுத் கரோலினாவில் 32.5 சதவீதம். சவுத் கரோலினாவில் வாக்குப்பதிவு நடந்த நாள்வரை, பதவியில் இருந்த ஓர் ஆளுநரோ செனட்டரோ அவர் பக்கம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் நின்றவர் பெர்னி சாண்டர்ஸ். நியூ ஹாம்ப்ஷயரில் ஏறக்குறைய 26 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தார். நெவாடாவில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். அவரையும் கட்சியின் பெரிய தலைகள் விரும்பவில்லை.

டிரம்ப் வேட்பாளரானார், அதிபரும் ஆனார். சாண்டர்ஸோ நெவாடாவில் ஜெயித்த பத்தே நாளில் முன்னிலையைப் பறிகொடுத்தார். இருவருக்கும் கட்சியில் பெரும்பான்மை இல்லை. இருவரையும் எதிர்த்து ஒரு கூட்டமே களத்தில் நின்றது. அப்படியிருக்க, முடிவு மட்டும் ஏன் நேர்மாறானது?

கட்சிக்குள் கோஷ்டிப் பூசல் இருந்தால் முன்னணியில் நிற்பவருக்கு ஆபத்து என்பது பொதுவான எண்ணம். நூற்றைம்பது ஆண்டு அமெரிக்க வரலாற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. பிளவு சிலரைக் கவிழ்த்திருக்கிறது, சிலரைத் தூக்கியும் விட்டிருக்கிறது. எப்போது எது நடக்கும் என்பதை ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மாநாட்டில் பேரம் நடந்த காலம்

அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பது கட்சியின் தேசிய மாநாடு. மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் அங்கே வாக்களிப்பார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை, பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தல்களும் காகஸ் எனப்படும் கட்சிக் கூட்டங்களும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. 1968 வரை நிலைமை வேறு. மாநாட்டுக்கு வந்த பிறகுதான் அசல் பேரமே தொடங்கும்.

அந்தக் காலத்தில் பிளவு முன்னணி வேட்பாளருக்கு எமனாகவே இருந்தது. 1860இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது நியூயார்க்கின் வில்லியம் சீவர்டை. முதல் சுற்றில் அவருக்கு 173½ வாக்கு, ஆபிரகாம் லிங்கனுக்கு 102. வெற்றிக்குத் தேவை 233. சீவர்டுக்கு விரோதிகள் அதிகம், லிங்கனுக்கு அவ்வளவு இல்லை. தங்கள் ஆள் தேறமாட்டார் என்று கண்ட குழுக்கள் ஒவ்வொன்றாக லிங்கன் பக்கம் சாய, மூன்றாம் சுற்றில் முடிவு வந்துவிட்டது.

1924இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு இன்னும் கொடுமை. ஒரு பக்கம் கிராமப்புறம், புராட்டஸ்டன்டுகள், மதுவிலக்கு ஆதரவாளர்கள். மறுபக்கம் பெருநகரம், கத்தோலிக்கர்கள், மதுவிலக்கு எதிர்ப்பாளர்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதா வேண்டாமா என்பதிலேயே மாநாடு இரண்டாகப் பிளந்தது. முன்னணியில் நின்ற வில்லியம் மெக்கடூவும் நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித்தும் ஒருவரை ஒருவர் தடுத்து நிறுத்தினார்கள். வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது அன்றைய கட்சி விதி. 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு இருவருமே ஒதுங்க, ஜான் டேவிஸ் வேட்பாளரானார், தேர்தலில் தோற்றார். அந்த விதியை ஜனநாயகக் கட்சி 1936இல்தான் கைவிட்டது.

மாநாட்டு முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1968. வியட்நாம் போரால் ஜனநாயகக் கட்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதிபர் ஜான்சன் மறுபோட்டியிலிருந்து விலகினார். ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி நடக்க, உள்ளே ஒரு முதனிலைத் தேர்தலில்கூட நிற்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராக்கப்பட்டார். தொண்டர்களின் ஆத்திரத்தைத் தணிக்க அமைக்கப்பட்ட மெக்கவர்ன்–ஃபிரேசர் குழு, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கட்சித் தலைவர்களிடமிருந்து பிடுங்கி வாக்காளர்களிடம் கொடுத்தது.

எதிர்பார்ப்பு என்ற சுமை

புது முறையில் முதலில் அடிபட்டவர் எட்மண்ட் மஸ்கி. 1972இல் கட்சிப் பெரியவர்களில் பலர் அவர் பின்னால் நின்றார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் அவர் 46 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தார். போருக்கு எதிரான ஜார்ஜ் மெக்கவர்ன் வாங்கியது 37. ஆனால் மஸ்கி பக்கத்து மாநிலமான மெய்ன்காரர், இன்னும் அதிகம் வாங்கியிருக்க வேண்டும் என்று பத்திரிகைகள் தீர்ப்பெழுதின. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தன் மனைவியைப் பற்றி எழுதிய மான்செஸ்டர் நாளிதழின் அலுவலகத்துக்கு எதிரே, கொட்டும் பனியில் ஒரு லாரித் தட்டில் ஏறிநின்று அவர் ஆவேசமாகப் பேசினார். அழுதார் என்றார்கள் நிருபர்கள், முகத்தில் விழுந்த பனி உருகியது என்றார் அவர். அடுத்து ஃபுளோரிடாவில் ஜார்ஜ் வாலஸ் முதலிடம், மஸ்கிக்கு நான்காமிடம். அதோடு அவர் கதை முடிந்தது. மெக்கவர்ன் வேட்பாளராகி, நவம்பரில் 49 மாநிலங்களில் தோற்றார்.

முன்னணி வேட்பாளர் தன் எதிராளிகளோடு மட்டுமல்ல, எதிர்பார்ப்போடும் போட்டியிடுகிறார். இரண்டாமிடம் பிடித்தவர் ‘எதிர்பாராத எழுச்சி’ என்று கொண்டாடப்படுவார். முதலிடம் பிடித்தவர் ‘குறைந்த வித்தியாசம்’ என்று குறைசொல்லப்படுவார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம் வந்த பில் கிளின்டன் அதையே மீட்சி என்று அறிவித்துக்கொண்டு மேலேறினார். 2004இல் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த ஹோவர்ட் டீன் அயோவாவில் 18 சதவீதத்தோடு மூன்றாமிடத்துக்கு இறங்கினார். அங்கே டீனும் ரிச்சர்ட் கெப்ஹார்ட்டும் விளம்பரங்களில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்க, லாபம் ஜான் கெர்ரிக்குப் போனது.

இந்தக் கட்டத்தோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறவர்கள் ‘முன்னணி என்பதே சாபம்’ என்ற முடிவுக்கு வருவார்கள். அது தவறு. 1984இல் மாண்டேல், 1996இல் டோல், 2000இல் ஜார்ஜ் புஷ், 2012இல் ராம்னி எனப் பலர் நடுவில் ஒரு பெரிய அடி வாங்கியும் கடைசியில் ஜெயித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்னிடம் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற புஷ், சவுத் கரோலினாவில் எழுந்துகொண்டார். அமைப்பு, பணம், மாநிலந்தோறும் ஆட்கள் ஆகிய மூன்றும் இருப்பவரால் ஒரு தோல்வியைத் தாங்க முடிகிறது. 1984இல் நியூ ஹாம்ப்ஷயரில் மாண்டேலை வீழ்த்திய கேரி ஹார்ட்டிடம், சில மாநிலங்களில் பிரதிநிதிகளின் முழுப் பட்டியல்கூடத் தயாராக இல்லை.

ஒரே மாநிலம், ஒரே நாள், இரண்டு கணக்கு

பிளவின் விளைவை நிர்ணயிக்கும் முதல் காரணி, வாக்கைப் பிரதிநிதிகளாக மாற்றும் விதி. இதைப் புரிந்துகொள்ள 2008 பிப்ரவரி 5 அன்று மிசௌரி மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

குடியரசுக் கட்சியில் மும்முனைப் போட்டி. மெக்கெய்னுக்கு 33 சதவீதம், மைக் ஹக்கபீக்கு 31.5, மிட் ராம்னிக்கு 29. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் மெக்கெய்னுக்கு வாக்களிக்கவில்லை. இருந்தும் மாநிலத்தின் 58 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். முதலிடம் பிடித்தவருக்கே எல்லாம் என்பது அங்கே விதி. அதே நாள், அதே மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியில் பராக் ஒபாமா 49.3 சதவீதம் வாங்கி, 47.9 வாங்கிய ஹிலாரி கிளின்டனை முந்தினார். பிரதிநிதிகள் எப்படிப் பங்கிடப்பட்டார்கள்? ஆளுக்கு 36. வெற்றி பெற்றவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

இரு கட்சிகளின் சுபாவமும் இதற்குள் இருக்கிறது. ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலங்களிலும் வாக்கு விகிதப்படிதான் பிரதிநிதிகளைப் பிரிக்கிறது. 15 சதவீதத்தைத் தொட்ட எல்லோருக்கும் பங்கு உண்டு. குடியரசுக் கட்சி பல மாநிலங்களில் முதலிடத்துக்கு மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கிறது. ஆகவே எதிர்ப்பு வாக்கு சிதறினால் குடியரசுக் கட்சியின் முன்னணி வேட்பாளர் கொழிக்கிறார். 2016இல் சவுத் கரோலினாவில் மார்கோ ரூபியோவும் டெட் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்தைச் சற்றே தாண்ட, 32.5 சதவீதம் வாங்கிய டிரம்ப் 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டார். ஃபுளோரிடாவில் 46 சதவீதத்துக்கு 99 பிரதிநிதிகள்.

ஜனநாயகக் கட்சியில் அதே வாக்கோடு ஒருவர் முதலிடத்தில் நின்றால் அவர் மெதுவாகத்தான் ஊர்வார். ஆனால் ஒருமுறை நல்ல வித்தியாசத்தில் முந்திவிட்டால், அவரைத் துரத்திப் பிடிப்பதும் அதே அளவு கஷ்டம். 2008இல் ஹிலாரி இதில்தான் மாட்டிக்கொண்டார். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த தேர்தலில் ஜெயித்து அவர் பெற்ற லாபம் 11 பிரதிநிதிகள் (59க்கு 48). சுமார் 21,000 பேர் மட்டுமே கலந்துகொண்ட ஐடஹோ காகஸில் ஒபாமா பெற்ற லாபம் 12 (15க்கு 3). பெரிய மாநிலங்களை வென்றால் போதும் என்று ஹிலாரி முகாம் எண்ணியது. சின்ன மாநிலங்களில் ஆள் போட்டு வேலை பார்த்தது ஒபாமா முகாம். முன்னணி வேட்பாளராக ஆண்டைத் தொடங்கியவர் ஜூனில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

விதி என்பது வானத்திலிருந்து விழுவதும் அல்ல. 2024க்கு முன்பு கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சி, பாதிக்கு மேல் வாக்கு வாங்குபவருக்கே 169 பிரதிநிதிகளும் என்று விதியைத் திருத்தியது. டிரம்புக்குச் சாதகமான திருத்தம் அது. முன்னணியில் இருப்பவர் கட்சி அமைப்பைக் கையில் வைத்திருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே மைதானம் அவர் பக்கம் சரிந்துவிடும்.

எதிராளிகள் ஏன் ஒன்று சேர்வதில்லை?

இரண்டாவது காரணி, எதிர் முகாமின் ஒற்றுமை. முன்னணியில் இருப்பவரைத் தடுக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். யார் விலகுவது என்பதில்தான் சண்டை. ஒவ்வொருவரும் ‘மற்றவர் விலகினால் நான் ஜெயிப்பேன்’ என்றே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு ஒவ்வொருவர் விஷயத்திலும் ஓரளவு உண்மையும்கூட.

2016 பிப்ரவரி 6 அன்று நியூ ஹாம்ப்ஷயர் விவாத மேடையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அயோவாவில் டிரம்புக்கு மிக அருகில் வந்த ரூபியோ அப்போதுதான் மேலேறிக்கொண்டிருந்தார். மற்றொரு போட்டியாளரான கிறிஸ் கிறிஸ்டி டிரம்பை விட்டுவிட்டு ரூபியோவைப் பிடித்துக்கொண்டார். மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் இவர் என்று குத்திக்காட்டினார். பதில் சொல்ல வந்த ரூபியோ அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். நியூ ஹாம்ப்ஷயரில் ரூபியோவுக்கு ஐந்தாமிடம். கிறிஸ்டி நான்கு நாளில் போட்டியிலிருந்து விலகினார், அந்த மாதமே டிரம்பை ஆதரித்தார். இன்னொரு போட்டியாளர் ஜெப் புஷ்ஷின் ஆதரவு அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டி, அதில் கணிசமான தொகையை ரூபியோவைத் தாக்கவே செலவிட்டது. கடைசியில் ஏப்ரலில் குரூஸும் ஜான் கேசிக்கும் மாநிலங்களைப் பங்கிட்டுக்கொண்டு ஓர் ஒப்பந்தம் போட்டபோது காலம் கடந்துவிட்டது. மே 3 அன்று இண்டியானாவில் டிரம்ப் 53 சதவீதத்தோடு ஜெயிக்க, குரூஸ் அன்றிரவே விலகினார்.

2020இல் ஜனநாயகக் கட்சி செய்தது இதற்கு நேர் எதிர். ஜோ பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். பிப்ரவரி 26 அன்று சவுத் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு அறிவித்தார். 29ஆம் தேதி பைடனுக்கு அங்கே 48.7 சதவீதம், சாண்டர்ஸுக்கு 20க்கும் கீழே. மறுநாள் பீட் புட்டிஜஜ் விலகினார். அதற்கு மறுநாள் ஏமி குளோபுச்சார் விலக, இருவரும் டல்லாஸில் பைடனை ஆதரித்துப் பேசினார்கள். அதற்கும் அடுத்த நாள், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் டியூஸ்டே, 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. 50 கோடி டாலருக்கு மேல் கொட்டிய மைக்கேல் புளூம்பெர்க்குக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்க சமோவா.

நான்கு நாளில் ஒரு கட்சி தன்னைத் தானே ஒருங்கிணைத்துக்கொண்டது. அதைச் சாத்தியமாக்கியவை இரண்டு. டிரம்பை வீழ்த்தியே தீர வேண்டும் என்ற பொதுப் பயம் ஒன்று. மற்றது, கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாகப் பங்கெடுத்த சவுத் கரோலினா சூப்பர் டியூஸ்டேவுக்கு முன்பு வந்த நாட்காட்டி. குடியரசுக் கட்சிக்கு 2016இல் இரண்டுமே இல்லை.

பணமும் ஒரு தடை. 2010க்குப் பிறகு, சூப்பர் பேக் எனப்படும் ஆதரவு அமைப்புகளுக்கு ஒரே ஒரு கோடீஸ்வரர் படியளந்தால்கூடத் தோற்றுக்கொண்டிருப்பவரும் களத்தில் நீடிக்கலாம். 2012இல் நியூட் கிங்ரிச் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது ஷெல்டன் அடெல்சன் குடும்பத்தின் பணத்தால்.

இரண்டாம் விருப்பம்

மூன்றாவது காரணி கருத்துக்கணிப்பின் முதல் வரிசையில் தெரிவதே இல்லை. மற்றவருக்கு வாக்களிப்பவர், தன் ஆள் விலகினால் எங்கே போவார்?

2020 வரை அயோவாவில் நடந்த ஜனநாயகக் கட்சிக் காகஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர் இரவில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ அக்கம்பக்கத்தவர் கூடுவார்கள். வேட்பாளருக்கொரு மூலை. தலை எண்ணுவார்கள். பொதுவாக 15 சதவீதம் தேறாத மூலை கலைந்துவிட வேண்டும். உடனே மற்ற மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து, ‘எங்கள் பக்கம் வாருங்கள்’ என்று பேசிப் பார்ப்பார்கள். யாரும் வெறுக்காத வேட்பாளரின் மூலை அந்த நிமிடங்களில் வளரும். தீவிர ஆதரவாளர் மட்டுமே உள்ள மூலை அப்படியே நிற்கும்.

நாடு தழுவிய போட்டியிலும் நடப்பது இதுவே. டிரம்புக்கு 35 சதவீதமே உச்சவரம்பு என்று 2016இல் பலர் எழுதினார்கள். போட்டியாளர்கள் உதிர உதிர அவர் பங்கும் ஏறியது. ஏப்ரலில் நியூயார்க்கில் முதன்முறையாக ஒரு மாநிலத்தில் பாதியைத் தாண்டினார். சாண்டர்ஸுக்கு அந்த ஏற்றம் இல்லை. 2016இல் ஹிலாரியை வென்ற மிச்சிகனில், 2020 மார்ச்சில் பைடனிடம் சுமார் 16 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

தலைமையின் ஆதரவுக்கு என்ன மதிப்பு?

2008இல் நான்கு அரசியல் அறிஞர்கள் எழுதி வெளிவந்த ‘தி பார்ட்டி டிசைட்ஸ்’ என்ற நூல், வாக்குப்பதிவுக்கு முன்பே கட்சிப் பிரமுகர்கள் யாரைச் சுற்றித் திரள்கிறார்களோ அவரே பெரும்பாலும் ஜெயிக்கிறார் என்று வாதிட்டது. டோலும் இளைய புஷ்ஷும் அதற்குப் பொருந்துகிறார்கள். 2008இல் ஹிலாரியும் 2016இல் ஜெப் புஷ்ஷும் பொருந்தவில்லை. 2020இல் பைடன் மறுபடியும் பொருந்துகிறார்.

இதிலிருந்து ஒன்று தெளிவு. பிரமுகர்களின் ஆதரவு தனக்குத்தானே வாக்காக மாறுவதில்லை. வாக்காளர் மதிக்கும் ஒருவர், தன் பேச்சு எடுபடும் மாநிலத்தில், சரியான வாரத்தில் சொன்னால் அது வேலை செய்யும். கிளைபர்ன் சொன்னது செல்லுபடியானது. ஹோவர்ட் டீனுக்கு 2003 டிசம்பரில் அல் கோர் கொடுத்த ஆதரவு அயோவாவில் காசு பெறவில்லை. சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் விவாதத்தில் பைடனை மடக்கிக் கருத்துக்கணிப்பில் ஏறினார். ஆதரவாளர்களும் பெயரும் இருந்தும், முதல் வாக்கு பதிவாகும் முன்பே டிசம்பரில் விலகினார்.

பூசலோடு ஜெயித்தால்?

நியமனம் கிடைத்தாலும் பூசலால் பொதுத் தேர்தலில் கட்சி தோற்கும் என்பார்கள். 1976இல் ரீகனை 1,187க்கு 1,070 என்று நெருக்கத்தில் வென்ற அதிபர் ஃபோர்டும், 1980இல் எட்வர்ட் கென்னடியை வென்ற அதிபர் கார்ட்டரும் நவம்பரில் தோற்றது உண்மை. ஆனால் ஜூன்வரை இழுத்தடித்த 2008 போட்டிக்குப் பிறகு ஒபாமா ஜெயித்தார். 2016இல் தன் கட்சிப் பெரியவர்களையே எதிர்த்து வந்த டிரம்பும் ஜெயித்தார். பதவியில் இருக்கும் அதிபரையே கட்சிக்காரர் எதிர்ப்பது நோயின் அறிகுறி. திறந்த களத்தில் நடக்கும் போட்டி அப்படியல்ல.

முடிவாக

பிளவு என்பது முன்னணி வேட்பாளருக்குத் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவரை ஏற்காதவர்கள் பல துண்டாக நின்று, முதலிடத்துக்கே எல்லாம் என்ற விதியும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு வாக்கே அவரை மாநாட்டு மேடை ஏற்றிவிடும். அதே எதிர்ப்பாளர்கள் சூப்பர் டியூஸ்டேவுக்கு முன்பு ஒருவர் பின்னால் திரண்டு, பங்கீடு விகிதப்படி இருந்தால், அவர் முதலிடத்திலேயே தேங்கிப் போவார். எந்த நிலையிலும் அவரைக் காப்பாற்றக்கூடியது, போட்டியாளர் ஒவ்வொருவரும் விலகும்போது ஏறும் வாக்கு.

2028இல் பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி நிற்க அரசியல் சட்டம் இடம் தராது. இரு கட்சிகளிலும் களம் திறந்தே இருக்கும். கருத்துக்கணிப்பில் இன்னார் முன்னணி என்ற செய்தி அடிக்கடி வரும். அப்போது அவர் வாங்கிய சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எதிரே எத்தனை பேர், பிரதிநிதிகளை எப்படிப் பங்கிடுகிறார்கள், விலகுபவரின் வாக்கு யாருக்குப் போகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைக்காத வரை, முன்னணி என்ற சொல்லை வைத்து யாருக்கும் மகுடம் சூட்ட வேண்டாம்.